இருபத்து மூன்றாவது படம்

என் ஞாபகத்தை நம்பாதீர்கள், சார். படிக்கட்டு பல்பைக் கழற்றியது மாலையிலா, சாப்பாட்டுக்குப் பிறகா என்று இப்போதும் குழப்பம்தான். நல்லவேளையாகக் கேமரா ஒவ்வொரு படத்திலும் நேரத்தைக் குறித்துவைக்கிறது. என்னைவிட யோக்கியமான சாட்சி.

நான் எடுத்தது ஒரு நெபுலாவை. நட்சத்திரங்கள் பிறக்கிற சிவந்த வாயு மேகம். ஒரு படத்துக்குப் பத்து நிமிடம். நாற்பது படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் அந்தச் சிவப்பு தெரியும். அதுவரை மொட்டைமாடியில் யாரும் நடக்கக்கூடாது, விளக்குப் போடக்கூடாது.

"சொந்தப் பொண்ணு பொறந்தப்ப ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பாக்கல. இப்ப நட்சத்திரத்துக்குப் பிரசவம் பாக்குறாராம்" என்பாள் மனைவி. அவள் நர்ஸ். அன்று இரவுப் பணிக்குப் போயிருந்தாள். மகள் விடுதியில். வீட்டில் நானும் மாமனாரும்தான்.

அவருக்குக் கண்ணில் புரை. ஆனாலும் தினமும் பதினோரு மணிக்குப் பிளாஸ்கில் டீயோடு, படிக்கட்டு விளக்கைப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்.

"வெளிச்சம் பட்டா படம் போச்சு மாமா."

"படத்த நாளைக்கு எடுக்கலாம் மாப்ள. டீ ஆறிடும்."

ஆறாயிரம் வருடம் நடந்து வந்த வெளிச்சத்துக்கு, படியேறி வந்தவர் சொல்லும் சமாதானம். ஓர் இரவுக்கு இரண்டு படம் பாழ். இரண்டுதானே என்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பல்பைக் கழற்றியதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மனசு கஷ்டப்படும்.

இரவு மணி பதினொன்று பன்னிரண்டு. இருபத்து மூன்றாவது படம் ஓடிக்கொண்டிருந்தது. படிக்கட்டில் பிளாஸ்க் உருண்டது. பிறகு அவர். என்னையறியாமல் எழுந்து ஓரடி வைத்தேன். தரை அதிர்ந்து, படத்தில் நட்சத்திரங்களெல்லாம் கோடாகிவிட்டன. அதோடு நின்றுகொண்டேன்.

"மாப்ள... கொஞ்சம் கை குடுங்களேன்." சற்றுப் பொறுத்து, "படம் ஓடுதா? முடிச்சுட்டே வாங்க."

பெரியவர்கள் பேச்சைத் தட்டி எனக்குப் பழக்கமில்லை. எத்தனை படம் என்று அவரும் சொல்லவில்லை. மீதி பதினேழையும் முடித்துவிட்டு இறங்கினேன். அதற்குள் அவர் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தார்.

காதில் ஹெட்போன் மாட்டியிருந்தேன், எதுவும் கேட்கவில்லை என்றேன். மனைவி நம்பினாள். ஒரு வாரம் கழித்து, ஒதுக்கிவைத்த அந்தக் கோடு விழுந்த படத்தையும் அதிலிருந்த நேரத்தையும் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "எங்கப்பா விழுந்தது கேக்கலன்னா, அந்த நேரத்துக்கு எதுக்கு எந்திரிச்சீங்க?"

மாமனார் விடிவதற்குள் போய்விட்டார். மனைவி புகாரோடு உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தாள். மகள் என்னோடு பேசுவதில்லை. நெபுலா இருந்த இடத்திலேயே இருக்கிறது. முப்பத்தொன்பது படங்களும் துல்லியம், சார். நான் செய்த தவறு என்றால், அந்த ஓரடிதான்.