யாரைப் பார்க்க வந்தீர்கள்

அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். டீ வந்துகொண்டிருக்கிறது. சர்க்கரை எவ்வளவு என்று வாசலில் டேப்லெட் கேட்டிருக்குமே. அந்தக் கேள்வியைச் சேர்த்தது நான்தான்.

தீ எப்படிப் பிடித்தது என்று கேட்கிறீர்கள். காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வருகிறவர் வேறு எதைக் கேட்பார். சொல்கிறேன், மறைக்க எதுவும் இல்லை. ஆனால் தீயிலிருந்து தொடங்கினால் உங்களுக்குப் புரியாது. பல்வலியிலிருந்து தொடங்க வேண்டும்.

நாங்கள் பாட்டில் மூடி செய்கிறவர்கள். நான்கு இயந்திரங்கள், நூற்றுப் பன்னிரண்டு பேர். எழுதுபொருள் அறை என் பொறுப்பு. அது இந்த அறைதான். மாடிப்படிக்குக் கீழே இருப்பதால் அந்த மூலைக்குப் போனால் குனிய வேண்டும். பேனா, காகிதம், பசை, ரப்பர் முத்திரை. இவற்றோடு வாசலில் வைக்கும் வருகைப் பதிவேடும். பெயர், எங்கிருந்து, யாரைப் பார்க்க, வந்த நேரம், போன நேரம், கையெழுத்து. இருபத்தோரு வருடமாக அந்தக் கோடுகளை நான்தான் போட்டேன். கோணலாக ஒரு கோடு காட்ட முடியாது. நிரம்பிய நோட்டுகள் உங்கள் பின்னால் அலமாரியில் இருக்கின்றன. நாற்பத்து மூன்று. மதிய இடைவேளையில் எடுத்துப் படிப்பேன். 'யாரைப் பார்க்க' என்ற பத்தியை மட்டும்.

பல்வலிக்கு முன்பு வரை என் பெயர் ஒருமுறைதான் வந்திருக்கிறது. பதினேழாவது நோட்டில். அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் கேன்டீன் என்று எழுதியிருக்கிறது.

குறையாகச் சொல்லவில்லை. தகவலாகச் சொல்கிறேன்.

சென்ற ஆண்டுத் தொடக்கத்தில் ஒருவர் உள்ளே வந்தார். பக்கத்துக் கட்டடத்துப் பல் மருத்துவரைப் பார்க்க வந்தவர், வாசல் மாறிவிட்டார். நோட்டில் ஒழுங்காக எழுதினார். யாரைப் பார்க்க: பல். வாட்ச்மேன் படிக்கவில்லை. அவர் மாடிக்குப் போய், காத்திருக்கும் அறை என்று நினைத்து, மேலாளரின் கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டார். கன்னத்தில் கை வைத்தபடி இரண்டு மணி நேரம். ஆழ்ந்து யோசிக்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். மூடியைப் பச்சையில் போடலாமா என்று மேலாளர் கேட்டபோது அவருக்கு ஒரு குத்து வலி வந்தது. தலையை வேகமாக ஆட்டினார். பச்சை என்று முடிவாயிற்று. பச்சை நன்றாகப் போனது, அது வேறு விஷயம்.

மறுநாள் மேலாளர் என்னைக் கூப்பிட்டார்.

"நோட்டெல்லாம் போதும். இப்ப எல்லா ஆபீஸ்லயும் மெஷின் வந்தாச்சு. வர்றவங்களோட போட்டோ, சீட்டு, கதவு எல்லாத்தையும் அதுவே பாத்துக்குமாம். நாலு கம்பெனியக் கூப்பிட்டு நல்லதா ஒண்ணு பாத்து முடிங்க."

"நானா சார்?"

"நோட்டு உங்களோடதுதானே."

முதலில் வந்த விற்பனையாளர் கட்டம் போட்ட சட்டை அணிந்திருந்தார். டேப்லெட்டையும் அதற்கான கம்பத்தையும் தூக்கிக்கொண்டு வந்து, படிக்கட்டின் அடிப்பக்கத்தில் தலையை இடித்துக்கொண்டார். மன்னிப்பு வேறு கேட்டார். பெட்டியைத் திறக்கும் முன் என்னைப் பார்த்து ஒன்று கேட்டார்.

"மொதல்ல சொல்லுங்க சார். உங்களுக்கு எது முக்கியம்?"

அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் என் மனைவி, "பைய அங்க வைக்காதீங்க" என்பாள். அது கேள்வி இல்லை. யோசித்து வைக்கிறேன், அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

அன்று மாலை வாசலுக்குப் போய் நோட்டைப் புரட்டினேன். யாரைப் பார்க்க: என் பெயர். அடித்திருக்கவில்லை.

மேலாளர் நான்கு கம்பெனி என்றார். நான் முப்பத்தொன்றைக் கூப்பிட்டேன். பதினான்கு மாதம் ஆயிற்று. அவசரப்பட்டு எடுக்கிற முடிவா இது. ஒன்றில் மணி ஓசை சோகமாக இருந்தது. ஒன்றில் எடுத்த படத்தில் எல்லோருக்கும் இடது காது பெரிதாக விழுந்தது. இன்னொன்று முகத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கும் என்றார்கள். அது என்னை மூன்று முறை பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் இருந்த சுவர்க் கடிகாரத்தை வரவேற்றது. அதை வேண்டாம் என்றபோது மட்டும் என்னிடம் உண்மையான காரணம் இருந்தது.

எல்லோரையும் திரும்ப வரச் சொன்னேன். வந்தார்கள். என் சொந்தச் செலவில் ஆறு நாற்காலி வாங்கிப் போட்டேன். கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒன்பது முறை வந்தார். முதல்முறை வந்தபோது அவருக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. ஒன்பதாம் முறை போனில் குழந்தையின் படத்தைக் காட்டினார்.

"பேரு இன்னும் வைக்கல சார். இந்த டெமோவ நீங்க முடிச்சு விட்டீங்கன்னா வீட்டுக்குப் போய் வச்சிருவேன்."

அவர் கண்ணில் நீர் இருந்தது. பாசம் என்று எடுத்துக்கொண்டேன்.

வரவேற்பில் இருக்கிறதே அந்தப் பெண், அது வாயாடி. "என்னண்ணே, மாப்பிள்ளை தேடுற மாதிரில்ல மெஷின் தேடுறீங்க. இது குள்ளம், அது கறுப்புன்னு சொல்லிச் சொல்லியே எல்லாத்தையும் திருப்பி அனுப்பிடுறீங்க" என்றது.

மேலாளருக்கு அந்த நகைச்சுவை உணர்வு இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை படியில் நின்றபடியே சொன்னார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஒண்ணச் சொல்லுங்க. இல்லன்னா நான் கண்ண மூடிக்கிட்டு ஏதாவது ஒண்ணத் தொட்டுடுவேன்."

நான் யோசித்தேன். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்ற முப்பது பேரும் வரமாட்டார்கள். தேர்ந்தெடுத்தவரும் பொருத்திக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அதன் பிறகு வருகிறவர்கள் எல்லாம் என் அறையைத் தாண்டி யாரையோ பார்க்கப் போவார்கள். ஆறு நாற்காலியையும் என்ன செய்வது.

கட்டம் போட்ட சட்டைக்காரருடையதை எடுத்தேன். அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். மெஷினை நான் குறை சொல்ல மாட்டேன். வருகிறவர் தன் பெயரைத் தட்டச்சு செய்ய வேண்டும். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டு ஒரு பட்டியல் வரும். அதில் ஒரு பெயரைத் தொட வேண்டும். படம் எடுத்து, சட்டையில் ஒட்டிக்கொள்ளச் சீட்டு தரும். தொடப்பட்டவர் தன் போனில் சம்மதித்தால்தான் ஆலைக்கும் மாடிக்கும் போகும் உள்கதவு திறக்கும். வந்தவர் திரும்பிப் போகவும் அவரே 'சந்திப்பு முடிந்தது' என்று அழுத்த வேண்டும். அதுவரை வெளிக்கதவு திறக்காது. என் அறை உள்கதவுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. என்னைப் பார்க்க வருகிறவருக்கு உள்கதவு தேவையே இல்லை.

பட்டியலில் நூற்றுப் பன்னிரண்டு பெயரையும் நான் ஏற்ற வேண்டியிருந்தது. சோதித்துப் பார்க்க முதலில் என் பெயரை ஏற்றினேன். வேலை செய்தது.

அங்கே நிறுத்தினேன்.

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டியலில் பிழை எதுவும் இல்லை. அதில் இருந்த ஒவ்வொரு பெயரும் சரியான பெயர்.

ஒரே ஒரு பெயர் இருக்கிற பட்டியலைக் காட்டினால் மனிதர்கள் அதைத் தொடுகிறார்கள். ஒன்பது வேலை நாளில் ஒருவர் மட்டும் தயங்கினார். பிறகு அவரும் தொட்டார்.

முதல் நாள் பதினொரு பேர். வரவேற்புப் பெண் கதவில் எட்டிப் பார்த்தது. "அண்ணே, லிஸ்ட்ல உங்க பேரு மட்டும்தான் வருது."

"மத்தது வரும்மா. ஒவ்வொண்ணாப் போட்டுட்டிருக்கேன்."

"போடுங்க போடுங்க. இன்னிக்கு நீங்கதான் மந்திரி."

வேலைக்கு நேர்காணலுக்கு வந்தவர் ஒருவர். அவரை நானே கேள்வி கேட்டேன். நேர்கோடு போடத் தெரியுமா என்று பார்த்தேன். போட்டார். எடுத்துக்கொண்டேன். இப்போது எந்தப் பிரிவில் இருக்கிறார் என்று தெரியவில்லை, காலையில் வணக்கம் சொல்கிறார். பெரிய குளிர்பான நிறுவனத்திலிருந்து நான்கு பேர் வந்தார்கள், மூடிக்கு மூன்று வருட ஒப்பந்தம் போட. அவர்களுக்கு ஒன்று முதல் பன்னிரண்டு வரையிலான நோட்டுகளைக் காட்டினேன். சந்திப்பு முடிந்தது என்று நான் அழுத்தியபோது மாலை ஆகிவிட்டது. வெளிக்கதவு திறந்ததும் ஓடினார்கள். ரயிலுக்கு நேரமாகியிருக்கும்.

மாடியில் யாரும் புகார் செய்யவில்லை. கொள்முதல் அதிகாரி இறங்கி வந்து நன்றிகூடச் சொன்னார். ஒரு வாரமாகத் தன்னைப் பார்க்க ஒருத்தரும் வரவில்லை, இத்தனை வருடத்தில் இப்போதுதான் வேலை நடக்கிறது என்றார்.

ஏழாம் நாள் மேலாளரே வந்தார். அலுவலக அட்டையை வீட்டில் மறந்துவிட்டார். அட்டை இல்லாதவர் வருகையாளர். விதி அது. மார்பில் சீட்டோடு என் வாசலில் நின்றார்.

"என்னய்யா இது. என் ஆபீஸுக்குள்ள நான் போக உங்களப் பாக்கணுமா?"

"உக்காருங்க சார். டீ சொல்றேன்."

உட்கார்ந்தார். இருபத்தோரு வருடத்தில் அவர் என் எதிரில் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. முழங்கால் வலி பற்றிச் சொன்னார். மைத்துனர் வீட்டோடு வந்து தங்கிவிட்டதைச் சொன்னார். டீயைக் குடித்து முடித்ததும், "லிஸ்ட்ட சீக்கிரம் போட்டு முடிங்க" என்றார். ஆனால் எழுந்திருக்கவில்லை. இன்னொரு டீ குடித்தார்.

நான் சந்தோஷமாக இருந்தேனா என்று உங்கள் படிவத்தில் கேள்வி இல்லை. இருந்தேன்.

இனி இரண்டாம் இயந்திரம். அதைப் பழுது பார்க்கிறவர் ஆறாம் நாள் வந்தார். "அந்த மெஷின்ல கருகுற வாடை வருதுன்னு போன் பண்ணாங்க சார். ஒயர் உருகுதுன்னு நினைக்கிறேன். உடனே பாக்கணும்" என்றார். அவருக்கு வீட்டில் அக்காவோடு மனத்தாங்கல். அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவே நடுவே, "சார், அந்த மெஷின..." என்பார்.

"அது எங்க போயிடப் போகுது. நீங்க சொல்லுங்க, அக்கா அப்புறம் என்ன சொன்னாங்க?"

மூன்று நாள் வந்தார். மூன்று நாளும் என்னைத்தான் பார்த்தார். கருகல் வாடை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். எழுதிக்கொள்ளுங்கள், மெதுவாகச் சொல்கிறேன்.

ஒன்பதாம் நாள் பிற்பகல் உள்கதவுக் கண்ணாடியில் புகை தெரிந்தது. எங்கள் ஆட்கள் பின்வாசல் வழியாகத் திடலுக்குப் போய்விட்டார்கள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. எண்ணிப் பார்த்தபோது வரவேற்புப் பெண்ணும் நானும்தான் குறைந்தோமாம். மூன்று பன்னிரண்டுக்குத் தீயணைப்புக்காரர்கள் முன்வாசலில் வந்தார்கள். ஆறு பேர். வரவேற்புப் பெண் கடமையில் கெட்டி. விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று அதற்கு நான் சொல்லி வைத்திருந்தேன்.

"ஹெல்மெட்டக் கழட்டுங்க. போட்டோல முகம் தெரியணும்."

ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். இளையவர் ஒருவர் திரும்பித் தலைவரிடம், "அண்ணே, சர்க்கரை எவ்வளவுன்னு கேக்குது" என்றார்.

"எனக்குக் கம்மியாப் போடு. டாக்டர் திட்டுறாரு."

என் போன் ஆறு முறை ஒலித்தது. ஆறு பேர், ஆறு நாற்காலி. அப்படி அமைவது அபூர்வம். குழாயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நீங்கள் உட்காரப் போன அந்த நாற்காலியின் கால் அன்றுதான் ஆடத் தொடங்கியது.

"சார், உள்கதவத் திறங்க. எரியுது" என்றார் தலைவர்.

"திறக்கலாம். டீ வந்திடட்டும்."

கதவை உடைத்துவிடலாமா என்று இளையவர் கேட்டார். புதுக் கதவு என்று சொன்னேன். எழுந்து போய்த் தடவிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நல்ல பையன். மூன்று முப்பத்து நான்குக்குச் சம்மதம் அழுத்தினேன். இருபத்திரண்டு நிமிடம். நோட்டில் இவ்வளவு துல்லியம் கிடைக்காது.

போன் முழு நேரமும் என் கையில்தான் இருந்தது. ஒரு விரல் அழுத்தினால் போதும். புகை தெரிந்தது, தெரிந்தே அழுத்தவில்லை. பழுது பார்ப்பவரை நான்தான் நிறுத்தி வைத்தேன், இவர்களையும் நான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கு இல்லை.

இரண்டு இயந்திரம் போயிற்று, ஒரு கூடம் போயிற்று. பன்னிரண்டு லட்சம் பச்சை மூடிகள் உருகி ஒரே மூடியாகிவிட்டன. அதற்கேற்ற பாட்டில் உலகத்தில் இல்லை என்று மேலாளர் சொன்னார். முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். படியேறிப் போய்விட்டார்.

ஆனால் ஒன்றை நியாயமாகப் பார்க்க வேண்டும். நோட்டு இருந்த காலத்தில் ஒரு பல்வலிக்காரர் நேராக மேலாளர் கூட்டம் வரை போனார். நான் தேர்ந்தெடுத்த மெஷின் வந்த பிறகு தீயணைப்புப் படையே உள்ளே போக முடியவில்லை. என்னிடம் கேட்டது பாதுகாப்பு.

நான் யாரையும் பிடித்து வைக்கவில்லை. ஒவ்வொருவரும் தன் விரலால் என் பெயரைத் தொட்டுத்தான் வந்தார்கள். நீங்களும்தான். உங்கள் சட்டையில் இருக்கும் சீட்டைப் பாருங்கள். விசாரணை முடியும் வரை எதையும் தொடக் கூடாது என்று மேலாளர் உத்தரவு போட்டிருக்கிறார். அதனால் பட்டியலை நான் தொடவில்லை.

டீ வந்துவிட்டது. அரை ஸ்பூன் சர்க்கரை என்று அடித்திருக்கிறீர்கள், சரியா. அடிக்கடி வெளிக்கதவைப் பார்க்கிறீர்கள். அது திறக்கும். சந்திப்பு முடிந்ததும் திறக்கும். ஆனால் இதை முடிந்த சந்திப்பு என்று நான் எப்படி அழுத்துவது. வந்ததிலிருந்து இத்தனை கேள்வி கேட்டீர்கள். எனக்கு எது முக்கியம் என்று நீங்கள் இன்னும் கேட்கவே இல்லையே.