ருசி பார்க்காத சுரைக்காய்க் கூட்டு

காவல் நிலையத்தில் இதை எழுதும்போது உடனிருந்தவர்கள்: உதவி ஆய்வாளர் ஸ்ரீவித்யா, என் கணவர் தோத்தாத்ரி, வாசல் பெஞ்சில் சாராள். முதலாளி ஜெயகிருஷ்ணனும் வந்தார். அவர் இருந்தால் எழுத மாட்டேன் என்று நான் சொன்னதால் வெளியே அனுப்பப்பட்டார்.

என் பெயர் பட்டு, வயது 54, ராஜகீழ்ப்பாக்கத்தில் குடியிருக்கிறேன். எட்டாவது வரை பள்ளிக்கூடம், மற்றதெல்லாம் நானாகக் கற்றது. நான்கு வருடமாக ஜெயகிருஷ்ணனின் சமையல்கூடத்தில் ஐந்து பெண்களுக்குத் தலைமையாக இருக்கிறேன். மாடம்பாக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்துக்கு மதியச் சாப்பாடு எங்களிடமிருந்து போகிறது.

சேர்ந்த அன்றே நான் போட்ட விதி, பெருமாளுக்குக் காட்டும் முன் எதுவும் யார் நாக்கிலும் படக் கூடாது, காட்டிய பின்னும் நான் மட்டுமே ருசி பார்ப்பேன் என்பது. முதலாளி, "மாமியோட நெறிதான் நம்ம கம்பெனி நெறி" என்று கூட்டத்தில் பேசி, டப்பா மூடியிலும் அச்சடித்தார். எனக்கும் பெருமையாகவே இருந்தது.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு, அந்த ஐந்து பெண்களில் ஒருவரான சாராள் சுரைக்காய் நறுக்கினார். ஒரு காயை முகர்ந்து, "அக்கா, இது ஒரு மாதிரியா கீது, ஒரு துண்டு வாயில வெச்சுப் பாத்துடட்டா?" என்றார்.

"உன் வாயில வெச்சுட்டு அப்புறம் பெருமாளுக்கா?" என்றேன்.

"பெருமாள் கோச்சிக்க மாட்டாருக்கா, துன்றவங்கதான் கோச்சிப்பாங்க."

மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகவே அவரைப் பாத்திரம் கழுவ அனுப்பினேன். 'உன்' என்று நான் அழுத்திச் சொன்னதும் உண்மை. அவர் சர்ச்சுக்குப் போகிறவர்.

அதன் பிறகு வெல்லம், தேங்காய் சேர்த்துக் கூட்டை நானே இறக்கி, பெருமாளுக்குக் காட்டி, அன்று ஏகாதசி உபவாசம் என்பதால் ருசி பார்க்காமல், பதினொன்றரைக்கு வண்டியில் ஏற்றினேன். அதன் பிறகு மூன்று மணிக்கு, இல்லத்தில் ஏழு பேர் ரத்தமாக வாந்தி எடுப்பதாகப் போன் வந்தது. கசப்புச் சுரைக்காய் விஷம், ஒரு துண்டைக் கடித்திருந்தால் தெரிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். கசந்ததை வெந்தயம் தூக்கல் என்று நினைத்துச் சாப்பிட்டார்களாம். அந்த ஏழு பேரில் வேதசிரோமணி சார், வயது 81, மறுநாள் காலை இறந்தார். தட்டில் மீதம் வைப்பது அவருக்குப் பிடிக்காதாம்.

அதன் பிறகு முதலாளி எங்கள் வீட்டுக்கு வந்து, "காய் நறுக்கினது சாராள், அத மட்டும் சொல்லுங்க மாமி, உங்க பேரு எதுக்கு?" என்றார். மூடியில் இருந்த வாசகத்தின் மேல் அதற்குள் ஸ்டிக்கர் ஒட்டியாகிவிட்டது.

தினமும் நான் எழுதும் சமையல் நோட்டை ஒப்படைத்திருக்கிறேன். அன்றைய பக்கத்தில், "8.40. சாராள் ருசி பார்க்கக் கேட்டாள். மறுத்தேன்" என்று இருக்கிறது. அவர் பெயருக்கு நேராக என் கையெழுத்தில் வேறு குற்றம் எதுவும் இல்லை.

இதில் ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பெருமாள் சாட்சியாக என் கைப்பட எழுதினேன்.

மூன்று நாளாக சாராளை வரவழைத்து உட்கார வைத்திருக்கிறீர்கள். அவர் பெயரை வழக்கிலிருந்து எடுப்பீர்களா என்று இன்று மாலைக்குள் பதில் சொல்லவும்.

(ஒப்பம்) தோ. பட்டு