மரப்பள்ளிக்கூடத்து மாஸ்ரர்

பேனாட்: ஐயோ, நேர விடாதேங்கோ! வலத்தாலை திருப்புங்கோ, வலத்தாலை...

கொறற்றி: ஏன், நேர போனா என்ன?

பேனாட்: அங்காலை... றோட்டு வேலை நடக்குது.

கொறற்றி: ஞாயிற்றுக்கிழமையோ? ஜெர்மனியிலையோ?

பேனாட்: திருப்புங்கோவன், கொறற்றி.

கொறற்றி: சரி, திருப்பியாச்சு. ஆனா வீட்டை போகோணும். அம்மா சமைச்சுப்போட்டுப் பாத்துக்கொண்டு இருக்கிறா. இண்டைக்கு உங்களைக் கண்ணாலை கண்டுதான் ஓமோ இல்லையோ எண்டு சொல்லுவாவாம். ஏழு மாசமா ரெலிபோனிலையும் கோயில் வாசலிலையும் கதைச்சது காணும்.

பேனாட்: போவம், போவம். ஹம்பேர்க் எங்கை ஓடிப் போகப்போகுது? முதல் எங்கடை கிறைஸை, இந்த மாவட்டத்தைக் காட்டுறன். ஒவ்வொரு முறையும் பூசை முடிய அப்பிடியே காரைத் திருப்பிக்கொண்டு போறனீங்கள்.

கொறற்றி: நான் மாப்பிள்ளை பாக்க வந்தனானோ, மாவட்டம் பாக்க வந்தனானோ?

பேனாட்: ஒரு சுத்துத்தான். இந்தப் பக்கம் முழுக்க முந்தி உருளைக்கிழங்குத் தோட்டம். தொண்ணூற்றாறிலை நான் வரேக்கை ஒரு வீடில்லை. இப்ப ஹம்பேர்க்கிலை வாடகை குடுத்துக் களைச்ச சனமெல்லாம் இஞ்சைதான் வந்து குவியுது. சனத்தொகை மூண்டு லட்சத்தைத் தொடப்போகுது.

கொறற்றி: அந்தப் பச்சைக் கதவு வீடு வடிவா இருக்கு, என்ன?

பேனாட்: அதோ? அது ரெண்டாயிரத்து மூண்டிலை கட்டினது. மேல்வீடு கனநாளாச் சும்மா கிடந்தது. போன கிழமைதான் ஆரோ வந்திருக்கினம். ஆரெண்டு தெரியேல்லை.

கொறற்றி: உங்களுக்குத் தெரியாததும் இருக்கே!

பேனாட்: அறிஞ்சிடுவன். அங்காலை ரயில் பாதையோரம் ரஷ்யாவிலை இருந்து வந்த ஜெர்மன்காரர். பழைய பட்டாளக் கட்டடத்திலை ஆப்கான் சனம். பாலத்தடியிலை துருக்கிக்காரர், மூண்டாந் தலைமுறை. தமிழ்ச்சனம் பதினாலு குடும்பம்... ஜேசுரட்ணத்தார் மனிசியோடை கோவிச்சுக்கொண்டு தனிய இருக்கிறார், அதையும் சேர்த்தா பதினைஞ்சு.

கொறற்றி: அதையும் எண்ணி வைச்சிருக்கிறியள்.

பேனாட்: தமிழ்நாட்டுக்காரர் நரசிம்மன் எண்டு ஒருத்தர், கொம்பியூற்றர் வேலை. காலமை எஸ்-பான் ரயிலிலை ஏறி ஹம்பேர்க் போவார், பின்னேரம் வருவார். ஒரு நாளைக்கு ரெண்டு தரம்... கடைக்குப் போய்வாற மாதிரி.

கொறற்றி: உதிலை என்ன அதிசயம்?

பேனாட்: ஒண்டுமில்லை. இடத்தாலை எடுங்கோ.

கொறற்றி: உண்மையா நீங்கள் மாஸ்ரர்தான்.

பேனாட்: அந்தக் கதையை விடமாட்டியளே?

கொறற்றி: எப்பிடி விடுறது! கமலநாயகி அக்கா சம்பந்தம் கொண்டு வரேக்கை, 'பெடியன் பௌம்ஷூலயிலை வேலை' எண்டா. ஷூல எண்டாப் பள்ளிக்கூடம்தானே? அம்மா கண்ட நிண்ட எல்லாருக்கும், மருமோன் ஜெர்மன்காரப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறார் எண்டு சொல்லிப்போட்டா.

பேனாட்: மருமோன் மரக்கண்டுத் தோட்டத்திலை சேறு மிதிக்கிறார்.

கொறற்றி: அதுக்கென்ன, முப்பதாயிரம் பிள்ளையள். வரிசையா நிக்குதுகள், ஒண்டும் குழப்படி இல்லை.

பேனாட்: எல்லாம் பாஸ் பண்ணிப் போட்டுதுகள், கொறற்றி. லொறியிலை ஏறி ஹொலண்ட், டென்மார்க், இத்தாலி எண்டு போகுதுகள். மாஸ்ரர் மட்டும்...

கொறற்றி: மாஸ்ரர் மட்டும்?

பேனாட்: உங்கடை போன் அடிக்குது.

கொறற்றி: பொறுங்கோ, ஓரமா விடுறன்... ஹலோ, அம்மா... ஓம்... கண்டனீங்களோ?... இல்லை, இன்னும் சொல்லேல்லை... சோத்தை மூடி வையுங்கோ.

பேனாட்: என்ன சொல்லேல்லை?

கொறற்றி: எத்தினை மணிக்கு வருவம் எண்டு. சரி, இனி எங்கை, மாஸ்ரர்?

பேனாட்: ஆத்தங்கரை அணைக்கட்டு, ஸ்ரோபெரித் தோட்டம்...

கொறற்றி: அதெல்லாம் இப்பதானே காட்டினீங்கள். இந்தா, அதே பச்சைக் கதவு. ரெண்டாந்தரம்.

பேனாட்: அது வேறை வீடு.

கொறற்றி: உங்கடை முகம் ஏன் இப்பிடி வேர்க்குது? கார்க் கண்ணாடியை இறக்கட்டே?

பேனாட்: வேண்டாம். வலத்தாலை...

கொறற்றி: திரும்பவுமோ? இந்தா, மூண்டாந்தரமும் அதே கதவு. இந்தமுறை நான் திருப்பமாட்டன். நேரதான் விடப்போறன்.

பேனாட்: நிப்பாட்டுங்கோ! கொறற்றி, காரை நிப்பாட்டுங்கோ... நான் இறங்கப் போறன்.

கொறற்றி: நிப்பாட்டியாச்சு. என்ன எண்டு சொல்லிப்போட்டு இறங்குங்கோ.

பேனாட்: அங்கை ஒரு மஞ்சள் பலகை தெரியுதே? ஹம்பேர்க் எண்டு... அதுக்கு அங்காலை எனக்கு ஏலாது.

கொறற்றி: ஏன் ஏலாது? சொல்லுங்கோ.

பேனாட்: என்ரை அகதிக் கேஸ் எப்பவோ தள்ளுபட்டுப் போச்சு. டுல்டுங் பேப்பரிலைதான் இருக்கிறன். திருப்பி அனுப்பாமல் விட்டு வைச்சிருக்கினம், அவ்வளவுதான். மூண்டு மாசம், ஆறு மாசம் எண்டு நீட்டித் தருவினம். கிறைஸை விட்டு வெளியிலை போகக்கூடாது எண்டு அதிலை அடிச்சிருக்கு. ஒன்பது வருசம்... வெக்கமா இருக்கு. சொன்னா நீங்கள் போயிடுவியள் எண்டு பயமாயும் இருந்தது.

கொறற்றி: அனுமதி கேட்டுப் போகலாமெல்லே?

பேனாட்: கேட்டனான். வெளிநாட்டவர் கந்தோரிலை தெர்மின் எடுத்து நேரம் குறிச்சு, அன்றாக் எண்டு விண்ணப்பம் எழுதிக் குடுத்தனான். என்னத்துக்குப் போறாய் எண்டு ஒரு கேள்வி. பொம்பிளை பாக்கிறதுக்கு ஜெர்மனிலை என்ன சொல்? யோசிச்சுப் பாத்துப்போட்டு 'பெசிக்ரிகுங்' எண்டு எழுதினன்.

கொறற்றி: ஐயோ! அது வீடு பாக்கிறதுக்கெல்லோ சொல்லுறது!

பேனாட்: அவையும் அப்பிடித்தான் விளங்கிச்சினம். 'உமக்கு ஹம்பேர்க்கிலை வீடு பாக்கிற தேவை இல்லை, இஞ்சைதான் இருக்கோணும்' எண்டு திருப்பித் தந்திட்டினம்... சிரியுங்கோ, சிரியுங்கோ.

கொறற்றி: சிரிக்கேல்லை... அழுகிறன். ரெண்டும்தான்.

பேனாட்: அம்மாட்டைச் சொல்லுங்கோ, பெடியன் சரிவரான் எண்டு. நான் கோவிக்கமாட்டன். இஞ்சையிருந்து நடந்து போயிடுவன். வழி தெரியும்.

கொறற்றி: வழி தெரியாமல் என்ன! எங்கடை அண்ணை பத்து வருசம் இதே பேப்பரோடை இருந்தவர். ஒரு மனுசன் ஒரு மாவட்டத்தைக் கதவு கதவாப் பாடமாக்கி வைச்சிருந்தா, அதை விட்டு வெளிக்கிட அவராலை ஏலாது எண்டு எனக்கு விளங்காதே? ரெண்டாம் மாசமே விளங்கீட்டுது.

பேனாட்: தெரிஞ்சுகொண்டோ இவ்வளவு நேரமும் சுத்தினனீங்கள்?

கொறற்றி: உங்கடை வாயாலை வரோணும் எண்டுதான். பொய்யோடை ஒரு வாழ்க்கையைத் தொடங்க எனக்கு விருப்பமில்லை.

பேனாட்: வந்திட்டுது. ஆனா அம்மா ஹம்பேர்க்கிலை சாப்பாட்டோடை...

கொறற்றி: ஹம்பேர்க் எண்டு நான் சொன்னனானோ? வீட்டை போவம் எண்டுதானே சொன்னனான். காரைத் திருப்புறன், கதவைச் சாத்துங்கோ. பெசிக்ரிகுங் நான் போன மாசமே முடிச்சிட்டன், மாஸ்ரர்... 'அவராலை வர ஏலாட்டி நாங்கள் போவம்' எண்டது அம்மாதான். உங்கடை கணக்கிலை இனிப் பதினாறு குடும்பம் எண்டு எழுதுங்கோ. அந்தப் பச்சைக் கதவடியிலை இறங்குவம். நாங்கள் மூண்டு தரம் தாண்டிப் போனதை அம்மா மேல்வீட்டு யன்னலாலை பாத்துக்கொண்டுதான் நிக்கிறா.