பந்தலுக்குப் போன பச்சை வலை

பள்ளிக்கூடம் போகாமலே பத்து ஏக்கர் வாழை எடுத்தவன் நான். என்னைக் கேட்டிருந்தால் அந்த மனுசருக்கு வழி சொல்லியிருப்பேன். சின்னமனூர் பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் தன் மச்சானிடம் சொன்னார்:

"வாழக்கன்னு பூராம் செத்துப்போச்சு மச்சான்."

"திசு வாழையா? என்னாச்சு?"

"பாட்டிலுக்குள்ள வளந்த கன்னு. எலையில மெழுகு ஏறி, வெயிலுக்குப் பழகுற வரைக்கும் பச்ச நெழல் வலைக்குள்ளயே வைங்கன்னு நர்சரியில படிச்சுப் படிச்சுச் சொன்னாக. நான் மக காதுகுத்துப் பந்தலுக்கு அந்த வலைய உருவிட்டேன்."

"ஒரு நாளுதான மாப்ள?"

"அந்த ஒரு பகல்லயே தீஞ்சிருச்சு. உழுது போட்ட தோட்டம் சும்மா கெடக்கு. ஒங்க தங்கச்சி எங்கூடப் பேசுறதில்ல."

மச்சான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்:

"பந்தல் குளுகுளுன்னு இருக்குன்னு பந்தியில உக்காந்து நாந்தான் மாப்ள பெருமையாச் சொன்னேன்."