ஒக்காந்த எடத்துலயே நூத்திப்பதினெட்டு

இல்லீங்கண்ணே, டாக்டரு நல்ல வார்த்தைதான் சொன்னாரு. வெயிலு மயக்கம், வேற ஒண்ணுமில்ல, குளுக்கோஸ் பாட்டில் எறங்குனதும் வூட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்கன்னாரு. அதக் கேட்டதுல இருந்துதான் இப்படி வெளிய வந்து ஒக்காந்திருக்கேன்.

உள்ள படுத்திருக்கறது என் சம்சாரம். ஹமீதுன்னிசா. பாப்பிரெட்டிப்பட்டிங்க நாங்க, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல ரெடிமேட் கடை. சலாவுதீன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. கொரலு மாத்திப் பேசற கடைக்காரன்னு கேளுங்க, கை காட்டுவாங்க. கண்டக்டரு, தாசில்தாரு, யார வேணாலும் பேசுவேன். இப்பவா? வேணாங்கண்ணே. என் கொரலே எனக்குச் சரியா வரல.

இந்தா, இதப் பாருங்க. வாச்சு மாதிரி இருக்குதில்ல? மணி பாக்கறதுக்கு இல்லீங்க. இதுக்கு ஜோடியா நெஞ்சுல கட்டற பட்டி ஒண்ணு இருக்குது. அதக் கட்டிக்கிட்டா நிமிசத்துக்கு நெஞ்சு எத்தன தடவ அடிக்குதுன்னு இதுல நம்பர் வரும். ஒயரே கெடையாது. எங்க தெருவுல டி.வி. இருக்கற வூடே ரெண்டு, அதுல எங்க வூட்ல இந்த மிஷினு! தீபாவளி சமயத்துல என் மச்சினன் முகம்மது கவுஸ் துபாயில இருந்து கொண்டாந்தான். அவங்கக்காவுக்கு, அதான் இவளுக்கு, மொழங்கால் வலி, எடையக் கொறைக்கச் சொல்லியிருந்தாங்க. அவன் மூக்காலதான் பேசுவான்: மச்சான், அங்க வெள்ளக்காரனுங்க இதக் கட்டிக்கிட்டுத்தான் ஓடறானுங்க, தின்னதுல எத்தன கரைஞ்சுதுன்னு அப்படியே காட்டிடும் மச்சான்.

கூட ஒரு அட்டை. எடை இத்தன கிலோ, நெஞ்சு இத்தன அடி, இத்தன நேரம்னா, இத்தன கலோரி போச்சு. கலோரியா? சோத்துல இருக்கற தெம்புன்னு வெச்சுக்குங்களேன். அது எரிஞ்சா ஒடம்பு எளைக்கும்.

எங்க வூட்டுப் பொம்பள ரோட்டுல வெசையா நடந்தா, எந்த வூட்ல என்னாச்சோன்னு ஊரே பின்னாடி ஓடியாரும். அதனால மொட்டமாடி. தண்ணித் தொட்டியச் சுத்தி அம்பது சுத்து. நான் அட்டையும் கையுமா செவுத்துமேல ஒக்காந்துக்குவேன். மொதல்ல பெருசா ஒண்ணுமில்ல. ரெண்டாவது மாசம் பாருங்க, நடக்கறதுக்கு முன்னாடியே நூத்திப்பதினெட்டு! சும்மா ஒக்காந்து வெங்காயம் உரிக்கிறா. அதே பட்டிய நான் கட்டுனா எழுவத்திரெண்டுதான் காட்டுது. அட்டையப் பாத்தேன். வெங்காயம் உரிக்கறவளுக்கு, வேகமா நடக்கறவ கணக்கு வருது. எனக்குன்னா அவ்ளோ சந்தோசம். அடியே, உனக்கு மட்டும் ஒக்காந்த எடத்துலயே கரையுதுடின்னேன்.

கரையத்தாங்க செஞ்சுது. பஸ் ஸ்டாண்டு எடை மிஷின்ல எழுவத்தாறு காட்டுனவ, அறுவத்தொண்ணுக்கு வந்துட்டா. சாப்பாடா? அதாங்கண்ணே, முன்ன ரெண்டு தோசைன்னா இப்ப ஆறு. தூக்கம் கெடையாது. வேர்த்துக் கொட்டுது. டீ டம்ளரு கையில நிக்காது. ஏங்க, நெஞ்சு ஒரு மாதிரி ஓடுதுங்கன்னா. ஓடட்டும், அதுக்குத்தான கட்டியிருக்குதுன்னேன்.

போன மாசம் அவங்க சித்தி வூட்டு நிக்காஹ். அவ நடக்கறது, மூச்சு வாங்கறது, நெஞ்சப் புடிச்சுக்கிட்டுப் படி ஏறறது, எல்லாத்தையும் அப்படியே செஞ்சு காமிச்சேன். பந்தி பூரா சிரிப்பு. அவளும் முந்தானைய வாயில வெச்சுக்கிட்டுச் சிரிச்சா. சிரிக்கறதுக்கே அவளுக்கு மூச்சு வாங்குச்சு.

இன்னிக்குக் காலைல முப்பதாவது சுத்துல ஒக்காந்தா. அப்படியே சாஞ்சுட்டா. வாச்சுல நூத்தி எழுவத்தி நாலு. சத்தியமாச் சொல்றேண்ணே, நான் மொதல்ல அட்டையத்தான் பாத்தேன்.

அப்பறம் டாக்ஸி புடிச்சு இங்க தருமபுரிக்குக் கொண்டாந்தேன். டாக்டரு நாடியப் புடிச்சாரு. என் பக்கம் திரும்புனாரு. அவரு நிறுத்தி நிறுத்தித்தான் பேசுவாரு, பாத்தீங்கல்ல? இந்தப் படபடப்பு... எத்தன நாளா... இருக்குதுன்னாரு.

வாச்சா? காட்டலீங்க. ஜோப்பிக்குள்ளயே வெச்சுக்கிட்டேன். காலைல இருந்துதாங்கன்னுட்டேன். எப்படி வாயில வந்துச்சுன்னே தெரியல. நாலு மாசமான்னு சொன்னா, நாலு மாசமா நீ என்னய்யா பண்ணிக்கிட்டு இருந்தேன்னு கேப்பாரில்ல? முன்ன எப்பவாவது வந்துச்சான்னாரு. இல்லவே இல்லீங்கன்னேன். எளைச்சிருக்காங்களான்னாரு. அவ எப்பவுமே இப்படித்தாங்கன்னேன். அதுக்கப்பறம்தான் வெயிலு மயக்கம்னாரு.

அவ முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தா. என்னையவே பாத்தா. நான் திட்டு வாங்குவேன்னு நெனச்சாளோ என்னமோ, ஆமாங்க சார், காலைல இருந்துதான்னு அவளும் சொல்லிட்டா.

அண்ணே, டாக்டரு ஸ்கூட்டர உருட்டறாரு. சத்தம் போட்டு நிறுத்துங்கண்ணே. நாலு மாசமா இருக்குதாம்னு சொல்லுங்க. இல்ல, வேணாம், நிறுத்த மட்டும் நிறுத்துங்க. நானே சொல்றேன்.