யோசித்து எரியும் பிரேக் லைட்

லிங்கராஜபுரத்தில் பஸ் ஏறிய பையனும் பெண்ணும் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். இருவர் கழுத்திலும் ஒரே மின்சார ஸ்கூட்டர் கம்பெனியின் அடையாள அட்டை. என் மகள் ஓட்டுவதும் அந்த ஸ்கூட்டர்தான். போன மாதம் சிக்னலில் பின்னால் வந்த கார் அவளை இடித்ததிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை.

“ஆப்டிமைசேஷன் ஆன் பண்ணா கம்பைலரே செத்துப்போகுதுடா,” என்றாள் அந்தப் பெண். “அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் ஆஃப் பண்ணிட்டேன்.”

கம்பைலர் என்பது எழுதிய நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள், ஆப்டிமைசேஷன் என்பது அந்த நிரலை வேகமாக ஓடவைக்கும் ஏற்பாடு என்று மகள் சொல்லித் தெரியும்.

“எந்த ஃபைல்?” என்றான் அவன்.

“பிரேக் லைட்.”

அவன் சிரித்தான். “வேலை செய்யுதா?”

“செய்யுது. ஆனா ஸ்லோ. பிரேக் பிடிச்சா, லைட் கொஞ்சம் யோசிச்சிட்டுதான் எரியுது.”

“அந்த ஃபைல்ல இருக்கிற கோடை ரெண்டா உடைச்சுப் பாக்கிறதுதானே?”

“உடைச்சேனே. அப்புறம் ஆன்ல வச்சாலும் கம்பைலர் சாகல, லைட்டும் டக்குனு எரியுது. எங்க டீம் லீடுதான், இதை இப்ப யாரு டெஸ்ட் பண்றது, அடுத்த அப்டேட்ல போட்டுக்கலாம்னாரு. ஆஃப் பண்ணி வச்சதையே நேத்து எல்லா வண்டிக்கும் அனுப்பிட்டாரு.”

“பின்னாடி வர்றவன் கதி?”

“அவனும் கொஞ்சம் யோசிச்சு வரட்டும்னு சொல்லுவாரு.”

“உன் வண்டிக்கும் வந்துடுச்சா?”

“வந்துடுச்சு. இல்லேன்னா உன்கூட பஸ்ல ஏன்டா வர்றேன்?”

இன்றைக்கு நீயும் பஸ்ஸிலேயே போ என்று மகளுக்குச் செய்தி அனுப்பினேன்.