பிளாஸ்திரிக்கு அடியில்

— என்னக்கா இது? மூணு ஆக்சிஜன் மெஷின்லயும் நம்பர் மேல பிளாஸ்திரி ஒட்டி வச்சிருக்கே!

— மெதுவாப் பேசுடா. வார்டே இப்பதான் கண்ணசந்திருக்கு.

— அப்பாவும் தூங்கறார். மூக்குக் குழாய் நழுவியிருந்துது, சரிபண்ணிட்டு வந்தேன்.

— ம். உட்காரு. டீ ஆறிப்போச்சு, பரவாயில்லைன்னா குடி.

— டீ கிடக்கட்டும். நாளைக்கு நான் செஞ்ச சென்சாரைப் பாக்க அதிகாரிங்க வர்றாங்க. பிடிச்சுதுன்னா மத்த ஆஸ்பத்திரிக்கும் கேப்பாங்க. பிளாஸ்திரியைப் பாத்தா, என் சென்சார் பழுதுன்னுதானே நினைப்பாங்க?

— பழுதா?

— ஜம்முனு ஓடுது, பாத்துட்டேன். அதாவது, ஆக்சிஜன் கூடினா அந்தக் காத்துல சத்தம் கொஞ்சம் மெதுவாப் போகும். அந்த வேகத்தை அளந்து...

— ராசா, இதைச் சொல்லித்தான் உன் மாமாவை உட்கார்ந்தபடியே குறட்டை விட வச்சே.

— சிரிக்காதக்கா. புரிஞ்சும் ஏன் மூடினே?

— கேளு. முன்னெல்லாம் மெஷின் உறுமினா போதும், ஆக்சிஜன் வருதுன்னு நம்பிட்டிருந்தோம். உன் டப்பா வந்தப்புறம் எது நல்லாக் குடுக்குது, எது பாதி வெறும் காத்தை ஊதுதுன்னு தெரியுது. கட்டில் பக்கத்துல உட்கார்ந்திருக்கிற சொந்தக்காரங்களுக்கும் தெரியுதே!

— தெரிஞ்சா என்ன?

— போன வாரம் ஒரு பெரியவரோட மருமகன், பக்கத்துக் கட்டில் மெஷினை இழுத்துட்டுப் போயிட்டான். அந்தக் கட்டில்ல இருந்த அம்மாவுக்கு உதடு நீலம் பாஞ்சு கிடக்குது. கேட்டா, "அதுல ஆக்சிஜன் நூத்துக்குத் தொண்ணூத்து நாலு, இதுல அறுபது, நான் என்ன முட்டாளா?"ங்கறான். நான் கிழிச்ச கிழியில வாசல் வரைக்கும் போய் நின்னான்.

— இவ்வளவுதானே? பூட்டு வச்ச மூடி போட்டுத் தரேன். சாவி உன்கிட்ட.

— வேணாம்.

— சரி, நம்பர் உன் மேஜைல மட்டும் தெரியற மாதிரி பண்றேன்.

— அதுவும் வேணாம்டா. காலைல சின்ன சிஸ்டர் பிளாஸ்திரியை உரிச்சுப் பாப்பா. யாருக்கு ரொம்ப முடியலையோ அவங்களுக்கு நல்ல மெஷின், தாங்கறவங்களுக்கு மத்தது. மாத்தி வச்சுட்டு அவளே திரும்ப ஒட்டிடுவா.

— வார்டுக்குப் பொறுப்பு நீயா, அவளா? நீ பாக்கறதே இல்லையா?

— டீயைக் குடி.

— முந்தாநேத்து அப்பாவைச் சேர்க்க வந்தப்ப இந்தப் பிளாஸ்திரி இல்லையே. அந்த மருமகன் கூத்து அதுக்கு முன்னாடி நடந்ததுங்கறே.

— ஆமா.

— அப்புறம் யாருக்குப் பயந்து ஒட்டினே?

— எனக்குப் பயந்துதான். அந்த மூணுல ஒண்ணு அப்பா கட்டில்கிட்ட இருக்கு. எது நல்லதுன்னு தெரிஞ்சா என் கை சும்மா இருக்குமா? ஊரான் வீட்டு மருமகனைக் கிழிச்ச வாய் இது. சாவி என்கிட்ட வேணாம்டா.

— உள்ள வந்ததுமே உரிச்சுப் பாத்துட்டேன்க்கா. ஓடுதான்னு பாக்கத்தான். மூணையும்.

— சொல்லிடாத.

— சொல்லலை.

— அந்தப் பக்கம் திரும்பி உட்காரு. ஜன்னலைப் பாரு.

— பாத்துட்டுத்தான் இருக்கேன்.

— இந்தப் பக்கம் திரும்பாத, உன் மூஞ்சியே சொல்லிடும். மூணு மெஷினுக்கும் ஒட்டினவ உன் மூஞ்சிக்கு ஒட்ட மறந்துட்டேன்.

— அக்கா... ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம் மாத்தி வச்சா...

— வாயை மூடு.

— எங்க எழுந்துட்டே?

— சின்ன சிஸ்டரைக் கூப்பிட. இன்னைக்கு வார்டை அவ பாக்கட்டும், நான் உள்ள போக மாட்டேன். அப்பா முழிச்சுக் கேட்டா, அக்கா வீட்டுக்குப் போயிட்டான்னு சொல்லிடு.